மூக்குத்தியும் முகமூடியும்

சின்ன முகத்துக்கு ஏற்ற மாஸ்க் தேடி புனேயில் ஒரு ஆச்சி அலைந்த கதை

பால்கனிக் கதவு திறந்திருந்தது. மூன்று வயதுப் பேரன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பியோரமாக இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, கீழே போகும் நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி, கீரை ஆய்ந்த முறத்தை மடியில் வைத்தபடி ஆச்சி தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மராத்திப் பெண் போட்ட கூச்சலில்தான் அவர் கண் விழித்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. புனேயின் கட்கி பகுதியில், 2023 அக்டோபரில் ஒரு பிற்பகல் நடந்தது இது. அன்று மாலை மகள் சத்தம் போடவில்லை. மறுநாள் முதல் பையனைத் தன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த காப்பகத்தில் விட ஆரம்பித்தார். "அம்மா, உனக்கும் ஓய்வு வேணும்லா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தாய்க்கு.

அவருக்கு அப்போது வயது 61. எடை 43 கிலோ. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. 1985-ல் கல்யாணமாகி, வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவருடன் அம்பாசமுத்திரத்திலிருந்து கட்கிக்கு வந்தவர். (பழைய தமிழர்கள் வாயில் அது இன்னமும் கிர்க்கிதான்.) பெண் பார்க்க வந்த அன்று மாமியார், "மூக்குத்தி ரெண்டும் நல்லாத்தான் மின்னுது, அதுக்குப் பொறத்தால மூஞ்சி எங்க?" என்று கேட்டதாகக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் முகம். கன்னத்தில் சதை கிடையாது. தாடை சின்னது, கொஞ்சம் உள்வாங்கியது. இந்தத் தாடைக்குப் பின்னால்தான் எல்லா வினையும் ஒளிந்திருந்தது என்பது வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை.

பெண்களின் அசதிக்கு நம் வீடுகளில் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். ரத்தம் குறைவு, தைராய்டு, இல்லையென்றால் வயசு. இவருக்கும் மூன்றும் வரிசையாகச் சொல்லப்பட்டன. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டார். முருங்கைக் கீரை சாப்பிட்டார். காலையில் எழும்போதே தலைவலி. செய்தித்தாளை விரித்தால் இரண்டாம் பத்தியில் கண் செருகும். ஊரும் அதற்கு ஒத்துழைத்தது. பகல் ஒன்று முதல் நான்கு மணி வரை கடையை மூடிவிட்டு இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பதைப் புனேக்காரர்கள் 'வாமகுக்ஷி' என்று சமஸ்கிருதப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிதலே பந்து இனிப்புக் கடை இந்த வழக்கத்தை 2017-ல் கைவிட்டபோது அது பத்திரிகைகளில் செய்தியாக வந்தது. அப்படிப்பட்ட ஊரில் மத்தியானம் தூங்கும் ஒரு வயதான பெண்மணியை யார் சந்தேகிப்பார்கள்?

கணவர் கவனித்திருக்கலாம். ஆனால் அவருக்குக் காது மந்தம். கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தாரானால் இடி விழுந்தாலும் தெரியாது. பக்கத்துத் தலையணையில் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்ததற்கு ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சிக்குக் காது கேட்கவில்லை. பால்கனி சம்பவத்துக்குப் பின் ஓர் இரவு தாயுடன் படுத்த மகள்தான் கேட்டார். சன்னமான குறட்டை. பிறகு நிசப்தம். எண்ணிப் பார்த்தார்: இருபது, இருபத்தைந்து. பிறகு தண்ணீரில் மூழ்கியவர் மேலே வருவதுபோல் ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை. 2022 பிப்ரவரியில் பாடகரும் இசையமைப்பாளருமான பப்பி லாஹிரி மறைந்தபோது 'ஸ்லீப் ஆப்னியா' என்ற சொல் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது மகளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கனத்த உடம்புக்காரர். அம்மாவோ குருவி.

இந்த எண்ணத்துக்கு நெடிய வரலாறு உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்றொரு குண்டுப் பையன் வருவான். நின்ற இடத்தில் தூங்குவான். 1956-ல் அமெரிக்க மருத்துவர்கள் பருமனோடு வரும் மூச்சுக் குறைபாடு ஒன்றுக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். அன்றிலிருந்து, தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர் என்றால் தொந்தியும் தடித்த கழுத்துமாக ஓர் ஆண் என்ற சித்திரம் பதிந்துவிட்டது. இன்றும் மருத்துவமனைகளில் கேட்கும் எட்டுக் கேள்விப் பட்டியலில் ஆணா, எடை விகிதம் 35-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா என்று மூன்று கேள்விகள் உண்டு. இவருக்கு மூன்றிலும் பூஜ்யம். தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா என்பது இன்னொரு கேள்வி. அதற்கு வீட்டில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மும்பையில் டாக்டர் ஜரிர் உத்வாடியாவும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட, இத்துறையில் இந்தியாவின் முன்னோடி ஆய்வில் நடுவயதினரில் 7.5 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருந்தது. நல்ல ஆய்வு, ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒல்லியானவர்களுக்கும், தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால், நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது.

நவம்பரில் ஒரு மருத்துவமனையில் இரவு முழுக்கப் பரிசோதனை. தலையில் மின்கம்பிகள் ஒட்ட வேண்டும், எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்றார்கள். நினைவு தெரிந்த நாளாகத் தேங்காய் எண்ணெய் இல்லாமல் தலை வாரியதில்லை அவர். இந்த எண்ணெய்ச் சங்கதி பின்னால் மறுபடி வரும். முடிவு வந்தது: மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் தீவிரம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு கட்டத்தில் 78 சதவீதம் வரை இறங்கியிருந்தது. ஆக, ஐந்து வருடமாக அவர் படுத்துக் கிடந்தாரே தவிர, தூங்கவில்லை.

வைத்தியம் ஒரு காற்று இயந்திரம். 'சிபேப்' என்பார்கள். மருந்தில்லை, ஆக்ஸிஜன் இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியே செலுத்துகிறது. தொண்டை மூடிக்கொள்ளாதபடி அந்தக் காற்றே உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும். இவருக்குத் தேவைப்பட்டது 9 சென்டிமீட்டர் நீரழுத்தம். டம்ளரில் ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழலை அடிவரை விட்டு ஊதினால் குமிழி வர எவ்வளவு ஊத வேண்டுமோ, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காற்று ஒழுகாமல் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் மாஸ்க். இயந்திரத்தைப் பற்றி டாக்டர் இருபது நிமிடம் பேசினார். மாஸ்க்கைப் பற்றி, "கடையில் கொடுப்பார்கள்" என்றார்.

1980 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் முதன்முதலாக இந்த முறையைச் சோதித்தபோது கதை நேர்மாறாக இருந்தது. அதுவரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பது. அதற்கு ஒப்புக்கொள்ளாத ஒரு நோயாளியின் மூக்கில் குழாய்களைப் பொருத்திக் காற்றை ஏற்றினார் சல்லிவன். மனிதர் அசந்து தூங்கினார். ஐந்து நோயாளிகளின் விவரத்துடன் 1981 ஏப்ரலில் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அந்த ஆரம்ப நாள்களில் ஒவ்வொரு நோயாளியின் முகத்திலும் பிளாஸ்டர் வைத்து அச்சு எடுத்து, அவருக்கென்றே ஒரு மாஸ்க் செய்தார்கள். இரவில் சிலிக்கோன் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். வலித்திருக்கும். ஆனால் அளவு சரியில்லை என்று ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. கம்பெனிகள் வந்த பிறகுதான் மனித முகங்கள் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்றாகிப் போயின.

கட்கித் தம்பதிக்குக் கடைக்காரர் கொடுத்தது மீடியம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ரகம். "இந்தியர்களுக்கு எல்லாம் மீடியம்தான்" என்றார். கடையில் ஸ்மால் இல்லை என்பதை அவர் இப்படிச் சொன்னார் என்று மகளுக்குப் பிறகுதான் புரிந்தது. இயந்திரம் 48,000 ரூபாய், மாஸ்க் 6,500.

முதல் இரவு வாரை எவ்வளவு இறுக்கியும் மாஸ்க் முகத்தில் நிற்கவில்லை. இறுக்க வார் தீர்ந்துபோனது. மூக்குத் தண்டின் இருபக்கமும் இடைவெளி. அதன் வழியே காற்று சீறிக் கண்ணுக்குள் அடித்தது. கன்னக் குழியில் இன்னோர் ஓட்டை. இரவில் பல்செட்டைக் கழற்றி வைப்பது அவர் வழக்கம். கழற்றினால் கன்னம் மேலும் உள்ளே போய் ஓட்டை பெரிதாகும். பல்செட்டோடு படுத்தால் ஈறு வலிக்கும். காலையில் கண்கள் மிளகாய்ப் பழம். மூக்குத் தண்டில் தோல் கன்றிப் புண்ணாகிவிட்டது. டிசம்பர்க் குளிரில் குழாய்க்குள் ஈரம் கோத்து, நள்ளிரவில் ஹுக்கா மாதிரி கடகடவென்று சத்தம். "இந்தச் சவத்த மாட்டிக்கிட்டு எவன் தூங்குவான்?" என்று நான்காம் நாள் அதை அட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். வாரம் ஒருமுறை திறந்து முயற்சி, மறுபடி மூடல். இந்த வைத்தியம் தொடங்குகிறவர்களில் கணிசமானோர் கைவிடும் கட்டம் இதுதான். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று அதற்கு மருத்துவக் குறிப்பில் எழுதுவார்கள். மாஸ்க் ஒத்துழைக்கவில்லை என்று எழுதும் வழக்கம் கிடையாது.

கணவருக்குத் தொழிற்சாலையில் தூசுக்கு முகக்கவசம் போட்ட அனுபவம் இருந்தது. மனைவியின் மாஸ்க்கைக் கையில் எடுத்து, ஒரு மேஸ்திரியின் கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூக்குகிட்ட அகலம் ஜாஸ்தி. இது யார் மூஞ்சிக்கோ செஞ்சது" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அமெரிக்கத் தொழிற்சாலை முகக்கவசங்களின் அளவுகளைச் சோதிக்க வெகுகாலம் அடிப்படையாக இருந்தவை 1967-68-ல் அந்நாட்டு விமானப் படையினரிடம் எடுத்த அளவுகள். 2003-ல்தான் சாதாரணத் தொழிலாளர்கள் 3,997 பேரின் முகங்களை அளந்து அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள். இந்தியாவில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997-ல் இந்திய உடல் அளவுகளைத் தொகுத்து ஒரு புத்தகமே வெளியிட்டது. நாற்காலி செய்கிறவர்களும் கைப்பிடி செய்கிறவர்களும் அதைப் புரட்டுகிறார்கள். புனே கடையின் அலமாரிக்கு வரும் மாஸ்க்குகள் கடல் கடந்து வருகின்றன.

மகள் இன்னொரு கடைக்காரரைக் கண்டுபிடித்தார். மூக்கின் அளவை எடுக்க ஒரு காகித அளவுகோல் இருக்கிறது, அச்செடுத்து முகத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றார் அவர். மகள் அலுவலகத்தில் அச்செடுத்தார். அச்சு இயந்திரம் காகிதத்துக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கியிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. சுருங்கிய அளவுகோலில் அம்மாவின் மூக்கு மீடியமாகத் தெரிந்தது! வங்கி வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கேலை வைத்துப் பார்த்துத் தவறைச் சொன்னார். இல்லாவிட்டால் இன்னொரு ஆறாயிரம் போயிருக்கும்.

பிப்ரவரியில் ஸ்மால் வந்தது. மூக்கை மட்டும் மூடுவது. இரட்டை மூக்குத்தியும் அதன் கூரைக்குள் அடங்கிவிட்டன. வாரின் முனைகள் காந்தத்தில் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும்; முடக்குவாதம் எட்டிப் பார்க்கத் தொடங்கிய அவர் விரல்களுக்கு அது பெரிய உபகாரம். பதினோரு இரவுகள் தூங்கினார். தலைவலி போனது. செய்தித்தாளை ஆசிரியர் கடிதம் வரை படித்தார்.

பன்னிரண்டாம் நாள் கணவர் பெட்டிக்குள் கிடந்த துண்டுப் பிரசுரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தார். ஓய்வு பெற்ற தொழிற்சாலைக்காரர்கள் மட்டுமே படிக்கும் எழுத்து அது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், அப்படிப்பட்டவர் அருகில் படுப்பவர்களும் இந்தக் காந்தங்களைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்றிருந்தது. காந்தம் நெருங்கினால் சில பேஸ்மேக்கர்கள் இதயத்தின் போக்கைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே கதியில் துடிக்கத் தொடங்கும். 2022-லும் 2023-லும் மாஸ்க் கம்பெனிகளே இதுபற்றி உலகெங்கும் எச்சரிக்கை விடுத்திருந்தன. கணவருக்கு 2019-ல் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்திருந்தது. அவர் படுப்பது வலப்பக்கம், மனைவியை ஒட்டி.

ஹாலில் படுத்துக்கொள்ளலாமே என்றார் மகள். தாய் மறுத்துவிட்டார். அதில் பிடிவாதம் இல்லை, கணக்கு இருந்தது. "அவியளுக்குக் காது கேக்காது. ராத்திரி நெஞ்சப் புடிச்சிக்கிட்டு என்னைக் கூப்பிட்டா நான்தானே முழிக்கணும்? நான் ஹால்ல கெடந்தா யாரு முழிக்கது?" என்றார். ஒரு முறை முகத்தில் பட்ட மாஸ்க்கைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். சாதாரணக் கொக்கி வைத்த வேறு மாஸ்க் ஒன்றில் ஸ்மால் என்பதே அவர் உதடு வரை இறங்கியது. மார்ச் மாதம் முழுக்க மாஸ்க் இல்லாமல் போனது. பேரன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தான், அதுவும் அம்மாவோடு.

திருப்பம் ஏப்ரலில், பரிசோதனைக்கூடத்தில் இருந்த ஒரு சின்னப் பெண்ணால் வந்தது. சாதாராப் பக்கம். டெக்னீஷியன். உட்கார்ந்தபடி மாஸ்க்கைப் பொருத்திப் பார்ப்பதெல்லாம் வீண் என்றார் அவர். "மாவ்ஷி, படுங்கள்" என்று கட்டிலில் படுக்க வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, முழு அழுத்தத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். படுத்தால் முகமே வேறு; சதை காதுப்பக்கம் சரிகிறது. வாரை இறுக்குவதும் தவறு. மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிக்கோன் இதழ், காற்றில் உப்பித் தானாக முகத்தைத் தழுவ வேண்டும். இறுக்கினால் அந்த இதழ் மடிந்துபோகும், ஒழுகும், ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். முதல் மாஸ்க்கின் மூக்குப் புண்ணுக்குக் காரணம் இதுதான். நான்கு மாதமாக இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பெண் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். முகத்தில் உட்காரவே உட்காராத ரகம். மூக்குத் துவாரங்களின் வாயில் இரண்டு குட்டிச் சிலிக்கோன் குமிழ்கள் மட்டும். மிகச் சிறிய அளவு. எடை இருப்பதே தெரியவில்லை. காந்தம் கிடையாது. கன்னமும் தாடையும் மூக்குத் தண்டும் எப்படி இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. குமிழ்களை வைத்தார். "ஆ" என்று கத்திவிட்டார் மாவ்ஷி.

மூக்குத்தி. வெளியே மின்னுகிற கல்லுக்கு உள்ளே, துவாரத்தின் சுவரில், திருகாணி. இருபுறமும். குமிழ் அதன் மேல்தான் அழுத்தியது.

டெக்னீஷியன் பெண் சர்வசாதாரணமாக, "ராத்திரி கழற்றி வைத்துவிடுங்கள்" என்றார். அவர் ஊரில் நத்து என்பது விசேஷத்துக்கு மாட்டி, முடிந்ததும் பெட்டியில் வைக்கிற நகை. அழுத்திப் பொருத்துவதற்கென்றே ஒரு வகை உண்டு, மூக்குக் குத்தக்கூட வேண்டாம். அம்பாசமுத்திரத்து மூக்குத்தி அப்படியில்லை. பன்னிரண்டு வயதில் குத்தியது. கல்யாணத்தில் வைர மூக்குத்தியாக மாறியது. அதன் பிறகு கழன்றதில்லை. மூக்குத்தி இல்லாத முகத்தை அவர் தன் தாயிடம் பார்த்திருக்கிறார். அப்பா இறந்த பதினாறாம் நாள். வீட்டில் திரும்பி வந்து இதைச் சொல்லும்போது அழுதார். கணவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, "எதைக் கழட்டணும்?" என்று மூன்று முறை கேட்டார். புரிந்ததும், "நான் உசுரோடதானே இருக்கேன்? உனக்குச் சந்தேகமா?" என்றார்.

கழற்றுவதும் லேசில் ஆகவில்லை. முப்பத்தொன்பது வருடத் திருகு. அழுக்கேறி உறைந்திருந்தது. லக்ஷ்மி சாலைக்குப் பக்கத்தில் ஒரு பொற்கொல்லரைத் தேடிப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. கதவில் பூட்டு. நான்கு மணி வரை புனேயை யாரும் எழுப்ப முடியாது. பக்கத்துக் கட்டடத்துப் படியில் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஆச்சி கணவரின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். மூச்சு நிற்பதும் வருவதும் பகல் வெளிச்சத்தில் மார்பின் அசைவில் தெரிந்தது. காது தேவைப்படாத அந்தக் காட்சியை அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்ததாகக் கணவர் சொல்கிறார். நான்கு மணிக்கு வந்த பொற்கொல்லர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, இரண்டையும் எடுத்தார். ஐம்பது வருடத்துத் துளை ஒரு ராத்திரியில் தூர்ந்துவிடாது என்று உறுதி சொன்னார். புதிதாகத் தளர்வான திருகு போட்டுக் கொடுத்தார். இரவில் கழற்றலாம், காலையில் போட்டுக்கொள்ளலாம்.

மிச்சப் பிரச்சினைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஆனால் சின்னவை. தலையில் மாட்டும் பட்டை, தேங்காய் எண்ணெயில் வழுக்கி இரவு இரண்டு மணிக்குக் கழுத்துக்கு வந்தது. எண்ணெய் சிலிக்கோனுக்கும் ஆகாது. முகத்தில் மஞ்சள் பூசிக் கழுவிய மறுநாள் குமிழ்கள் பொன்னிறமாகிவிட்டன. எண்ணெயும் மஞ்சளும் காலைக் குளியலுக்கு மட்டும் என்று ஏற்பாடாயிற்று; குமிழ்களைத் தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசுகிறார். பட்டையின் நீளம் அவர் தலைக்கு இன்னமும் அதிகம். துளசி பாக் சந்தையில் ரவிக்கை தைக்கும் ஒருவர், இது என்ன உள்ளாடை என்று புரியாமலே, இரண்டு அங்குலம் மடித்துத் தைத்து முப்பது ரூபாய் வாங்கினார்.

ஒன்றுக்கு மட்டும் அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. மூக்கு வழிக் காற்று சில இரவுகளில் திறந்த வாய் வழியே வெளியேறியது. தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டும் ஒரு பட்டையைக் கடைக்காரர் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டார். "உசுரோட இருக்கையிலேயே நாடிக்கட்டா?" கடைக்காரர் மராத்திக்காரர், அவருக்கு இதை விளக்க மகளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. டாக்டர் ஈரப்பத அளவைக் கூட்டி, படுக்கும் முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். மூக்கடைப்பு விட்டதும் வாய் பெரும்பாலும் தானாக மூடிக்கொண்டது.

ஜூன் முதல் வாரத்தில் இயந்திரத்தின் பதிவு அட்டையை டெக்னீஷியன் பெண் கணினியில் போட்டுப் பார்த்தார். இரவுக்குச் சராசரி 6 மணி 10 நிமிடம். மூச்சடைப்பு மணிக்கு 3. அந்தக் காகிதத்தை அவர் மகளிடம் கொடுத்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. பால்கனிக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட ஆள் அனுப்பினார். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காப்பகம் விடுமுறை என்று பையனைக் கொண்டுவந்து விட்டார். பிறகு வியாழக்கிழமைகள் மட்டும். பிறகு வாரம் மூன்று நாள்.

2024 செப்டம்பர் 17. புனேயின் கணபதி விசர்ஜனம். ஊர்வலம் இரவெல்லாம் போகும். மகளும் மருமகனும் நண்பர்களோடு ஊர்வலம் பார்க்கப் போக, பையன் முதல் முறையாக ஆச்சி வீட்டில் இரவு தங்கினான். அவன் அந்த மாஸ்க்கை அதற்கு முன் பார்த்ததில்லை. பயந்துவிடுவானோ என்று அவன் தூங்கிய பிறகே ஆச்சி மாட்டிக்கொண்டு படுத்தார். நடு இரவில் தெருவில் டோல்-தாஷா முழக்கம். பையன் எழுந்து உட்கார்ந்தான். தெருவிளக்கு வெளிச்சத்தில், ஆச்சியின் மூக்கிலிருந்து நீளமாக ஒரு குழாய் புறப்பட்டு, கட்டிலைத் தாண்டி, இருட்டுக்குள் போயிற்று.

"கண்பதி பாப்பா!" என்று கத்தினான்.

தாத்தா அசையவில்லை. டோல் சத்தத்துக்கு எழாத ஆச்சி பேரனின் குரலுக்கு உடனே எழுந்தார். பையன் தும்பிக்கையைத் தொட்டுப் பார்த்தான். குமிழ்களை எடுத்து அவன் உள்ளங்கையில் காற்றை விட்டுக் காட்டினார். அவனுக்கு அது போதவில்லை. தட்டிலிருந்து ஒரு மோதகம் எடுத்து வந்து, ஆச்சி குழாயால் தூக்கிச் சாப்பிட வேண்டும் என்று அடம் பிடித்தான்.

குமிழ்கள் நாளடைவில் தளரும், மாற்ற வேண்டும். மிகச் சிறிய அளவு இன்னமும் புனே கடைகளில் இருப்பில் இருப்பதில்லை. முன்பணம் கட்டிச் சொல்லி வைத்தால் மூன்று வாரத்தில் வரும். அதனால் எப்போதும் இரண்டு ஜோடி கைவசம் வைத்திருக்கிறார். சமையலறை மேல் தட்டில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில், மூக்குத்திகள் இரவில் உறங்கும் அதே வெள்ளிச் சிமிழுக்கு அடியில்.